ஹாட்லி துரை முடிக்காத துறைமுகம்

ஹாட்லி துரை இறந்துவிட்டார் என்று ஆஸ்பத்திரிச் சேவகன் வந்து சொன்னபோது, எங்கள் அரிசிக் கம்பெனியின் கடிதம் ஒன்றை டைப் அடித்துக்கொண்டிருந்தேன். சரி என்று மட்டும் சொன்னேன். வேறென்ன சொல்ல? காசநோய் அவரை இரண்டு மழைக்காலமாகத் தின்றுகொண்டிருந்தது.

ரங்கூனில் அவரைக் கம்பெனி உத்தியோகஸ்தராகத்தான் பலருக்கும் தெரியும். இளவயதில் இங்கிலாந்திலிருந்து வந்தவர். சந்திரனில் குடித்தனம், கடலடியில் பட்டணம் என்று அவர் எழுதிய வருங்காலக் கதைகள் லண்டன் பத்திரிகைகளில் வந்தன. எல்லாவற்றையும் டைப் அடித்தவன் நான். "நாளைக்கு நடப்பதை எழுதுகிறேன், நீ இன்றைக்கே பிழை போடாதே" என்பார். பொல்லாத கிண்டல்காரர்.

அவருடைய ஒரே நாவல், ஆளே இல்லாமல் இயந்திரங்கள் நடத்தும் துறைமுகத்தைப் பற்றியது. துறையில் வேலை செய்பவர்களுக்கு அதைச் சொல்லிக் காட்டச் சொன்னார். துறைமுகத்தை ஒட்டிய போட்டாதாங் பேட்டை டீக்கடையில் தமிழில் சொன்னேன். துரை எழுதி, கம்பெனி ஆபீசில் டைப் ஆனது கதையாக இருக்குமா? கம்பெனியின் திட்டம் என்றே மூட்டை தூக்குகிறவர்கள் நம்பிவிட்டார்கள். மறுநாள் துரை வீட்டு வாசலில் கூட்டம். வெறும் கதைதான் என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மாரிமுத்து என்பவர் மட்டும் அசையவில்லை.

"கதையாவே இருக்கட்டும் தொரை. அதுல நாங்க எங்க போனோம்?"

அன்றிலிருந்து துரை முடிவை மாற்றி மாற்றி எழுதினார். வேலை இழந்தவர்களுக்கென்று ஓர் அத்தியாயம் சேர்த்தார். அவர்கள் எங்கே போவார்கள் என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை. அதை நீக்கினால் அச்சிடுகிறோம் என்றார் லண்டன் பதிப்பாளர். நீக்கித் தொலையுங்கள் என்று கெஞ்சினேன். சாவதற்குள் புத்தகமாகப் பார்க்க வேண்டும் என்பதுதானே அந்த மனிதரின் ஆசை! "அவர்களை இன்னொரு தரம் வெளியே அனுப்பச் சொல்கிறாயா?" என்று இருமலுக்கிடையே கேட்டார். எனக்கு அழுகை வந்தது. புத்தகம் வரவில்லை. இனி வராது.

அடக்கத்துக்கு நாலைந்து பேர்தான். மாரிமுத்துவும் வந்திருந்தார். துறைமுகத்தில் புதிய நீராவிப் பளுதூக்கியை நிறுவியதிலிருந்து அவருக்கும் கூட்டாளிகளுக்கும் வேலை இல்லை.

"தொரை எங்களுக்கு என்ன முடிவு எழுதினாரு தம்பி?"

நல்லபடியாக ஏதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"எழுதலைண்ணே."

அவர் தலையாட்டிவிட்டு, குனிந்து ஒரு பிடி மண் அள்ளிப் போட்டார்.

துரையைத் தெரிந்தவர்களே, அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்: பசித்தவன் கேட்கும்போது, இல்லாத நல்ல முடிவை என்னால் சொல்ல முடிவதில்லை.