மெல்விக்கா ஏழு கோலில் தோற்ற கதை

போன வாரம் வெள்ளிமலைக்குப் போகவேண்டியிருந்தது. என்னோடு பழைய பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவருக்குப் பணி ஓய்வு விழா. கள்ளக்குறிச்சியில் ஏறி உட்கார்ந்ததும் கண்டக்டர் கையிலிருந்த மிஷினைத் தட்டி, வெதுவெதுப்பாக ஒரு சீட்டை நீட்டினார். வாங்கிய கையோடு கடைசி எண்ணைத் தேடினேன். தேதி, நேரம், ஏறுமிடம், இறங்குமிடம் என்று என்னென்னவோ அச்சாகியிருந்தது, டிக்கெட் நம்பர் எது என்றுதான் தெரியவில்லை. பக்கத்து சீட்டுப் பெண், "இன்னா மேடம் தேடறீங்க?" என்றாள். 'கோல்' என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஒன்றுமில்லை என்று சீட்டை மடித்து வைத்துக்கொண்டேன்.

சிரிக்காமல் கேளுங்கள். எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு கண்டத்தின் கால்பந்து வரலாறு முழுவதும் எனக்கு மனப்பாடம். எந்த நாடு எந்த நாட்டை எப்படி வென்றது, யார் யாரிடம் அவமானப்பட்டார்கள் எல்லாம் சொல்வேன். பள்ளியில் பிள்ளைகளுக்கு நடத்திய சோழர் வரலாறுகூட அவ்வளவு துல்லியமாக நினைவில் இல்லை.

அப்போது எனக்கு வெள்ளிமலையில் வேலை. காலை பஸ்ஸில் ஏறிச் சாயங்கால பஸ்ஸில் இறங்குவேன். ஒரு இடத்தில் அடங்கி உட்கார முடியாத ஆள் நான். ஜன்னலோரம் உட்கார்ந்தால் காற்று, நடுவில் உட்கார்ந்தால் புழுக்கம் என்று கச்சிராயப்பாளையம் வருவதற்குள் ரெண்டு மூன்று சீட்டு மாறியிருப்பேன். மலை ஏற ஆரம்பித்தால் குமட்டல் வேறு. டீசல் வாடை, யாரோ ஏற்றிய பலாப்பழத்தின் வாசனை, மூக்குக்கு முன்னால் நான் பிடித்திருக்கும் எலுமிச்சை, மூன்றும் கலந்த ஒரு நாற்றம் உண்டு. இன்றைக்கும் எலுமிச்சையை நறுக்கினால் எனக்கு முதலில் வளைவுகள்தான் ஞாபகம் வரும், சாதம் அப்புறம்தான்.

அன்வர் பாய் அதே பஸ்ஸில் துணி மூட்டையோடு வருவார். மலை ஊர்களில் புடவையும் லுங்கியும் விற்பவர். உலகக் கோப்பை நடந்த சமயம், அவர் ஓயாமல் கால்பந்து பேசப் பேச, சுகாதார நிலையத்து நர்ஸ் கஸ்தூரி, தெரியாத நாடுகளைப் பற்றி எங்களிடம் ஏன் சொல்கிறீர்கள் என்று சலித்துக்கொண்டார். பாய் கொஞ்சம் யோசித்தார்.

"அதுவும் சரிதான். நெசமான நாடுன்னா யாரு ஜெயிப்பாங்கன்னு ஊருக்கே தெரியுது. நம்மளே நாடு வெச்சிக்கலாங்க."

அப்படிப் பிறந்ததுதான் அந்தக் கண்டம். பாயின் நாடு ஜரிகிஸ்தான். கஸ்தூரியுடையது டிஞ்சரியா. கண்டக்டர் ஏழுமலை, நானும் ஒரு கை பார்க்கிறேன் என்று ரைட்டோனியாவைத் தொடங்கினார். டிரைவரை மட்டும் சேர்க்கவில்லை. வளைவில் வண்டியைப் பார்ப்பதா கோலைப் பார்ப்பதா என்று அவரே ஒதுங்கிக்கொண்டார். என் நாட்டுக்கு மெல்விக்கா என்று பெயர் வைத்தேன். அர்த்தம் என்ன என்று கேட்டார்கள். யாரும் அர்த்தம் கேட்க முடியாத ஒன்றாவது என்னிடம் இருக்கட்டும் என்றேன்.

ஆட்டம் சுலபம். அன்றைக்கு மோதும் இருவரும் டிக்கெட் வாங்குவார்கள். அவரவர் டிக்கெட்டின் கடைசி எண்தான் அவரவர் கோல். டிக்கெட் வாங்காத ஏழுமலைக்கு, கடைசி ஆளுக்குக் கிழித்த டிக்கெட்டின் எண். எட்டு, ஒன்பது கோலெல்லாம் சாதாரணமாக விழும். எங்கள் கண்டத்தில் கோல்கீப்பர்கள் சரியில்லை. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாங்கினால் ஒரே ஒரு கோல் வித்தியாசம்தான் வந்தது, டிக்கெட் வரிசையாகத்தானே கிழிகிறது. அதனால் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் உட்காரவேண்டும் என்று சட்டம் போட்டோம். கோப்பை, கஸ்தூரியின் பிளாஸ்க் மூடி. சாம்பியன் அதில் முதல் டீயைக் குடிப்பார், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும்.

முதல் கோப்பை டிஞ்சரியாவுக்கு. மெல்விக்கா எல்லோரிடமும் உதை வாங்கியது. அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். காரணம் இருந்தது. கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் எனக்குக் குழந்தை இல்லை. வீட்டில், பள்ளியில், கல்யாண வீடுகளில், பார்க்கிறவர்கள் எல்லாம் விசேஷம் உண்டா என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் குரலைத் தழைத்துக்கொள்வார்கள். அந்தக் குரல் கேட்டாலே எழுந்து எங்காவது ஓடிவிடலாம் போலிருக்கும். இந்த பஸ்ஸில்தான் யாரும் என்னைப் பாவம் பார்க்கவில்லை. தோற்றால் கைகொட்டிச் சிரித்தார்கள்.

பிறகு நாத்தனாரின் வளைகாப்பு வந்தது. எல்லோரையும் போல நானும் வளையல் தட்டை எடுக்கப் போனேன். மாமியார் மெதுவாக, "நீ போயி பாயசத்தப் பாரும்மா" என்று என்னை அடுப்படிக்கு அனுப்பினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மறுநாள் பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு கரியாலூர் வரைக்கும் அழுதேன். கஸ்தூரி மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவரிடம் சொன்னேன்.

அதற்குப் பிறகு மெல்விக்கா ஜெயிக்க ஆரம்பித்தது. ரைட்டோனியாவை எட்டுக்கு மூன்று, டிஞ்சரியாவை ஒன்பதுக்கு நான்கு. இறுதிப் போட்டிக்கே வந்துவிட்டேன். என் ராசி மாறிவிட்டது என்று நினைத்து, அந்த நாட்களில் ஒரு சீட்டில் நிலையாகக்கூட உட்கார்ந்தேன் என்றால் பாருங்கள்.

இறுதிப் போட்டி ஜரிகிஸ்தானோடு. காலையில் ஏழுமலை டிக்கெட் போட்டுக்கொண்டே வந்தவர், என்னைத் தாண்டிப் போய், பின் சீட்டில் கேழ்வரகு மூட்டையோடு இருந்த ரெண்டு பேருக்குக் கிழித்துக் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து எனக்கு நீட்டினார். கடைசி எண் ஒன்பது. சட்டென்று எனக்கு உறைத்தது. எத்தனையோ காலைகளில் அவர் இப்படி என்னைத் தாண்டிப் போய், பெரிய எண் வந்ததும் திரும்பி வந்திருக்கிறார். நான்தான் கவனிக்கவில்லை. பாயைப் பார்த்தேன், அவர் மூட்டையை அவிழ்த்துக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டார். கஸ்தூரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு வந்த கோபத்தில் டிக்கெட்டைக் கசக்கி எறிந்தேன். ஏழுமலை பதறிப்போய் என் முன்னால் நின்றார்.

"அன்னிக்கி அழுதுகினே வந்தீங்க டீச்சர். பாக்க முடியல. எங்க கையில வேற இன்னா இருக்குது, டிக்கெட்டுதான இருக்குது."

அவர் நல்ல மனசு எனக்குப் புரியாமலில்லை. ஆனாலும் உடம்பெல்லாம் எரிந்தது. கடைசியில் இங்கேயும் என்னை அடுப்படிக்கு அனுப்பிவிட்டார்கள் என்றுதான் தோன்றியது.

"தோத்தா தோத்துட்டுப் போறேன். பாவம் பாத்து ஜெயிக்க வெக்காதீங்க. எனக்கு வூட்ல பாக்கற பாவமே போதும்."

மறுநாள் காலை மறு ஆட்டம் என்று நானே அறிவித்தேன். ஏழுமலை முன் சீட்டில் தொடங்கி ஒருவரையும் தாண்டாமல் நேராகப் பின்னால் போகவேண்டும். நான் நடுவில், பாய் கடைசி வரிசையில்.

மறுநாள் எனக்கு வந்தது சைபர். பாய்க்கு ஏழு.

ஒரு கணம் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பாய் மட்டும் பார்க்கவில்லை. கடைசி சீட்டில் எழுந்து நின்று, தன் டிக்கெட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கத்தினார். வெள்ளிமலையில் இறங்கி, பிளாஸ்க் மூடியில் டீயை வாங்கி, வேண்டுமென்றே எனக்கு முன்னால் வந்து நின்று சத்தம் போட்டு உறிஞ்சினார்.

"ஏழு கோலு டீச்சர். உங்க கோல்கீப்பரு சின்னசேலத்துல ரயிலுக்கு நின்னுகினு இருக்காரா?"

சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அந்த வளைகாப்புக்கு அப்புறம் அன்றைக்குத்தான் நெஞ்சு லேசானது. பாயை அந்த நிமிஷம் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது, மலையில் அதெல்லாம் முடியுமா.

அடுத்த வருஷம் எனக்குச் சமவெளிக்கு மாறுதல் கிடைத்தது. கஸ்தூரியும் வேறு ஊருக்குப் போனார். ஏழுமலை ஓய்வு பெற்றுவிட்டார் என்று கேள்வி. அன்வர் பாய் காலமாகிவிட்டார் என்பது அவரை அடக்கம் செய்து பல நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. கோப்பை கடைசியாக ஜரிகிஸ்தானிடம்தான் இருந்தது.

குழந்தை பிறக்கவே இல்லை. இப்போது அதை யாரும் கேட்பதும் இல்லை. தலை நரைத்துவிட்டதல்லவா. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். பள்ளியில் நான் தப்பாகச் சொன்னாலும் சரிதான் மேடம் என்கிறார்கள். வீட்டுக்கு வரும் நாத்தனார் பிள்ளைகளோடு கேரம் ஆட உட்கார்ந்தால், கைக்கெட்டும் காயை வேண்டுமென்றே தவறவிட்டு, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பாதி ஆட்டத்தில் எழுந்து வாசலுக்கும் கொல்லைக்குமாக நடக்கிறேன். கால் மரத்துவிட்டதா என்று கேட்கிறார்கள். இல்லை என்கிறேன். என்னை முழு பலத்தோடு தோற்கடித்துவிட்டு, மூஞ்சிக்கு நேரே சிரிக்க ஒரு ஆள் வேண்டும் என்று இந்தப் பிள்ளைகளிடம் எப்படிக் கேட்பது?