ஃபாரத்தில் அடங்காத நான்கு பக்கங்கள்

என் அண்ணன் எழுதிய நாவலின் முடிவு பிரமாதம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த நாவலுக்கு முடிவே கிடையாது. முடிவு என் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் நான்கு பக்கமாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது. டைப் அடித்தவள் நான். ஆறு முறை திருத்தி ஆறு முறையும் அடித்தேன், அதனால் எனக்குத் தெரியாமல் இருக்காது.

அண்ணனுக்குக் குடிநீர் அலுவலகத்தில் வேலை. வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றெண்பது வீடு. கதவைத் தட்டுவான், "மீட்டர் பாக்கணுங்க" என்பான், மூடியைத் தூக்கி எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவான். இரண்டு தரம் நாய் கடித்திருக்கிறது. மூன்று மணிக்கு வேலை முடிந்ததும் நேரே என் கடைக்கு வந்து, இரண்டு மெஷின்களுக்கு நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எழுதுவான். மெஷின் சூட்டில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். கடைக்கு வருகிறவர்கள் அவனைக் கடை ஆள் என்று நினைத்து, ரெண்டு பக்கமும் எடுங்க என்று காகிதத்தை நீட்டுவார்கள். மறுபேச்சு பேசாமல் எடுத்தும் கொடுப்பான். அப்படி ஒரு ஊமைக்கோட்டான். எட்டு வருஷம் இப்படியே எழுதினான்.

எதற்காக எழுதினான் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியாது. அண்ணனுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு எட்டு வயது இருக்கும்போது எங்கள் அப்பா வீட்டை விட்டுப் போனார். சண்டை இல்லை, சச்சரவு இல்லை, ஒரு நாள் போனார், வரவில்லை. அண்ணன் பதினாறு வயதில் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனான். என்னைப் படிக்கவைத்தது அவன்தான். பதினேழு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் யாரோ கதவைத் தட்டினார்கள். அண்ணன் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தான். கையில் ஒரு பையோடு அப்பா நின்றிருந்தார். அண்ணன் திரையை விட்டுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். அவன் முகத்தைப் பார்த்ததுமே வந்திருப்பது யார் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை நாள் குடும்பத்தைச் சுமந்தவன் அவன், அவனே முடிவு பண்ணட்டும் என்று அவள் பேசாமல் இருந்துவிட்டாள். நானும்தான் உட்கார்ந்திருந்தேன், இருபத்தைந்து வயதுக் கழுதை. மூன்று முறை தட்டினார். அப்புறம் செருப்புச் சத்தம் தெருவோடு போய்விட்டது. ஏழு மாதத்தில், வேறொரு ஊரில் அவர் இறந்துபோனதாகத் தகவல் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாயைத் திறந்ததில்லை.

நாவலில் அண்ணன் ஊரை மாற்றினான், தொழிலை மாற்றினான், தங்கையை எடுத்துவிட்டு ஒரு தம்பியைப் போட்டான். அதற்கு நான் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை, அது வேறு விஷயம். ஆனால் கதவு அதே கதவு. மூன்று முறை தட்டுவதும் அதேதான். கடைசி நான்கு பக்கத்தில் மட்டும் மகன் நாற்காலியை விட்டு எழுந்து போய்க் கதவைத் திறக்கிறான். அந்தக் கதவைத் திறப்பதற்காகத்தான் மற்ற இருநூறு பக்கத்தையும் எழுதினான்.

எழுதுவதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அதைப் புத்தகமாக்க அலைகிற அலைச்சல் இருக்கிறதே, எதிரிக்கும் வரக் கூடாது. முதல் பதிப்பகம் பதினோரு மாதம் மூச்சு விடவில்லை. பிறகு ஒரு கட்டு வந்தது. பிரித்துப் பார்த்தால் குதிரைப் பந்தயத்தைப் பற்றி வேறு யாரோ எழுதிய நாவல். இரண்டாவது இடத்தில், குடும்பக் கதையெல்லாம் இப்போது போவதில்லை, கொலை ஏதாவது வைக்க முடியுமா என்று கேட்டார்கள். ஒரு போட்டிக்கு அனுப்பினோம். கலந்துகொண்டமைக்கு நன்றி என்று அச்சடித்த அட்டை வந்தது, அதுவும் "அன்புச் சகோதரிக்கு" என்று. அண்ணன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மீட்டர் பார்க்கப் போனான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நான்காவதாகக் கிடைத்தவருக்கு நான் வைத்த பெயர் பாத்துக்கலாம். எதைக் கேட்டாலும் பாத்துக்கலாம் என்பார். எப்போது வரும் என்றால் பாத்துக்கலாம். அட்டைப் படம் என்றால் பாத்துக்கலாம். இரண்டரை வருஷம் எங்களுக்குத் தண்ணி காட்டினார். கடைசியில் ஒரு நாள் அவரே கூப்பிட்டு, பக்கம் கட்டியாயிற்று, நான்கு பக்கம் கூடுகிறது, எங்காவது குறைத்துக் கொடுங்கள் என்றார்.

ஒரு பெரிய தாளில் பதினாறு பக்கத்தைச் சேர்த்து அடித்து மடிப்பார்கள். அதற்கு ஒரு ஃபாரம் என்று பெயர். பதிமூன்று ஃபாரம் என்றால் இருநூற்றெட்டுப் பக்கம். அண்ணன் புத்தகம் எல்லாம் சேர்த்து இருநூற்றுப் பன்னிரண்டு வந்துவிட்டது. நான்கு பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் ஓட்டினால் பன்னிரண்டு பக்கம் வெற்றுத்தாளாகப் போகும், அதைப் பார்க்க நன்றாகவா இருக்கும் என்பது அவர் வாதம். அண்ணன் மூன்று நாள் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு வரியைக்கூட வெட்ட மனசு வரவில்லை. முடியவில்லை என்று போனில் சொன்னான். "சரி விடுங்க, பாத்துக்கலாம்" என்றார் அவர். ஏதோ வழி பண்ணிவிடுவார் என்று இந்த அப்பாவி நம்பிவிட்டான்.

புத்தகம் வந்த அன்று கடையில் கூட்டம். அண்ணன் கட்டைப் பிரித்து, ஒரு பிரதியை எடுத்து, நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனான். 'மூன்றாவது முறையும் கதவு தட்டப்பட்டது.' அதோடு முடிந்திருந்தது. கடைசி அத்தியாயத்தையே கழற்றி எறிந்திருந்தார்கள். அண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்தான், தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று நகத்தால் பிரித்துப் பார்த்தான். பிறகு புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு, காத்திருந்த ஒரு அம்மாளின் காகிதத்தை வாங்கி நகல் எடுத்துக் கொடுத்தான்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கடையை அப்படியே போட்டுவிட்டுப் பாத்துக்கலாம் ஆபீசுக்குப் போனேன். எழுத்தை ஒரு புள்ளி சின்னதாக்கியிருந்தால் அடங்கியிருக்கும், என்னிடம் சொல்லியிருந்தால் அரை மணி நேரத்தில் நானே செய்து கொடுத்திருப்பேன் என்றேன். அணிந்துரை சரியாக நான்கு பக்கம், அதைத் தூக்கியிருக்கலாமே என்றும் கேட்டேன். அணிந்துரை எழுதியவர் ஓய்வு பெற்ற ஒரு அதிகாரி. நாவலில் இல்லாத ஒரு மலைப்பாதையை வர்ணித்துப் பாராட்டியிருந்தார்.

"அதை எடுத்தா அவரு கோவிச்சுக்குவாரும்மா" என்றார் பாத்துக்கலாம்.

அண்ணன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இதோடு போயிருந்தால்கூட ஆற்றிக்கொண்டிருப்போம். ஒரு பத்திரிகையில் விமர்சனம் வந்தது. கதவைத் திறக்காமலே நாவலை நிறுத்திய துணிச்சல், மன்னிப்பு என்ற மலிவான தீர்வை மறுத்த நேர்மை என்று தூக்கி வைத்து எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்து இன்னொருவர் எழுதினார். நூலகத்தில் ஒரு கூட்டம் வைத்து, திறக்காத அந்தக் கதவைப் பற்றி மட்டும் ஒருவர் முக்கால் மணி நேரம் பேசினார். முன் வரிசையில் பாத்துக்கலாம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணனைப் பேசச் சொன்னார்கள். இப்போதாவது போட்டு உடைப்பான் என்று நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். எழுந்தான், எல்லாருக்கும் நன்றி என்றான், உட்கார்ந்துவிட்டான். வீடு வரும்வரை நான் திட்டாத திட்டு இல்லை. அவன் ஒரே ஒரு தரம்தான் பதில் சொன்னான்.

"இத்தனை வருஷத்துல முதல் தடவையா நல்லா இருக்குன்னு சொல்றாங்க. இல்லைன்னு எப்படிச் சொல்லுவேன்?"



புத்தகத்தை அவன் அம்மாவிடம் மட்டும் காட்டவில்லை. அலமாரியில் துணிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தான். அவள் சும்மா இருப்பாளா? என் பையில் கிடந்த பிரதியை எடுத்துக்கொண்டாள். கண் ஆபரேஷன் ஆனவள், வரிக்குக் கீழே விரலை வைத்து ஒரு நாளைக்கு மூன்று நான்கு பக்கம் படிப்பாள். இரண்டு மாதம் படித்தாள். அண்ணன் வீட்டுக்குள் வந்தால் அவள் கையைப் பார்ப்பான், எத்தனையாவது பக்கம் என்று தூரத்திலிருந்தே எட்டிப் பார்ப்பான், ஒன்றும் கேட்க மாட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் புத்தகத்தை மடியில் மூடி வைத்தாள்.

"இதுலயும் நீ தொறக்கலையாடா?" என்றாள்.

பதினெட்டு வருஷத்தில் அந்தக் கதவைப் பற்றி எங்கள் வீட்டில் பேசப்பட்ட முதல் வார்த்தை அதுதான்.  நான் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். நான்கு பக்கத்தையும் பிரின்ட் எடுத்து, சூடு ஆறுவதற்குள் கொண்டுவந்து அவன் கையில் திணித்தேன். அவன் எழுதியதை யாருக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டியதில்லை. அன்று படித்தான். மகன் எழுந்திருக்கிறான், தாழ்ப்பாளை நீக்குகிறான், கதவைத் திறக்கிறான். பையோடு ஒரு கிழவர் நிற்கிறார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அங்கே நாவல் முடிகிறது.

அவன் கையில் அடுத்த தாள் இருக்கிறதா என்று அம்மா பார்த்தாள். "உள்ள வந்தாரா?" என்று கேட்டாள்.

"அதை எழுதலம்மா."

"அப்ப இன்னும் வாசல்லதான் நிக்க வெச்சிருக்கே."

மறுநாள் அண்ணன் சீருடையைக்கூட மாற்றாமல் பாத்துக்கலாம் ஆபீசுக்குப் போனான், கூடவே நானும். இரண்டாம் பதிப்பு போடுவதாக அவர் சொல்லிக்கொண்டிருந்த சமயம் அது. கடைசி அத்தியாயம் இல்லாமல் போடக் கூடாது என்றான் அண்ணன். வந்த பேரைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், தவிரவும் பன்னிரண்டு பக்கம் வெற்றுத்தாளாகப் போகும் என்று அவர் பழைய பாட்டையே பாடினார். அந்தப் பன்னிரண்டு பக்கத்தையும் நானே எழுதி நிரப்புகிறேன் என்றான் அண்ணன். வழக்கம்போல அவர் பாத்துக்கலாம் என்றார்.

"பாத்துக்கலாம்னு சொல்லாதீங்க. தேதி சொல்லுங்க" என்றான். என் காதையே நம்ப முடியவில்லை.

மாதக் கடைசி என்று தேதி வாங்கிவிட்டு வந்தோம். அப்புறம்தான் இருக்கிறது கூத்து. அந்த மாதமும் போயிற்று, அடுத்ததும் போயிற்று, இவனுக்கு ஒரு பக்கம் தேறவில்லை. கிழவரை உள்ளே கொண்டுவர முடியவில்லை. ஒரு நாள் எழுதியதில் மகன் வாசலிலேயே சண்டைக்குப் போனான், கிழித்தான். இன்னொரு நாள் கிழவர் அழுதார், அதையும் கிழித்தான். கதைதானே, வாயில் வந்ததை எழுதித் தொலையேன் என்று நான் கத்தினேன். அப்பாவின் குரலே ஞாபகத்தில் இல்லை, என்ன பேச வைப்பது என்று அவன் தலையைப் பிடித்துக்கொண்டான். இதில் அம்மா வேறு, தினம் காலையில் அவன் வேலைக்குக் கிளம்பும்போது, "உள்ள வந்துட்டாரா?" என்று கேட்பாள். இன்னும் இல்லை என்று சொல்லிவிட்டு, நூற்றெண்பது கதவைத் தட்டப் போவான்.

நேற்றுக் காலையும் கேட்டாள். அவன் இல்லை என்று தலையாட்டிவிட்டுப் பையைத் தோளில் மாட்டினான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் சொல்ல மாட்டேனா?" என்றாள் அம்மா. "மன்னிப்பு கின்னிப்பெல்லாம் அந்த மனுஷனுக்குக் கேக்கத் தெரியாது. செருப்பை எங்க விடறதுன்னுதான் கேட்டிருப்பாரு."

 அண்ணன் பை தோளில் இருக்க, வாசற்படியிலேயே உட்கார்ந்து மீட்டர் நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பி எழுத ஆரம்பித்தான். அந்த நேரம் பார்த்துப் பாத்துக்கலாம் போன் பண்ணினார். பக்கம் எப்போது கிடைக்கும் என்று கேட்டார். நான்தான் எடுத்தேன். பாத்துக்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவன் ஒரு பக்கம் எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினான். நிமிராமலே அம்மாவிடம் கேட்டான்.

"எங்க விடச் சொல்றதும்மா?"

"உன் செருப்புப் பக்கத்துலயே விடச் சொல்லு" என்றாள்.