துணி குடோனில் பதிவான என் முதல் ஆல்பம்

சொந்தமாகப் பாட்டெழுதிப் பாடுகிறவர்களுக்குத் தெரியும், பாடுவது சுலபம். 'நான்தான் எழுதினேன்' என்று சொல்லிவிட்டு எதிரே இருப்பவர் முகத்தைப் பார்ப்பதுதான் கஷ்டம். முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்துகொண்டு பாடுகிற எனக்கு, முதல் ஆல்பத்தில் ஒரே ஓர் ஆசை. என்னைத் தெரியாத ஒருவர், பாட்டுக்காகவே அதைக் கேட்க வேண்டும்.

ஓசி ஸ்டுடியோ

எங்கள் குடோனில் துணி ரோல்கள் கூரை வரை அடுக்கியிருக்கும். நடுவில் நின்று பேசினால் துளி எதிரொலி கிடையாது. குடோன் பொறுப்பாளர் பழனிச்சாமி அண்ணனிடம் கெஞ்சி, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேயே பதிவு செய்தேன். பாதிப் பாட்டுகள் அருமையாக வந்தன.

மீதிக்குப் போனால் குடோன் காலி. துணியெல்லாம் கட்டிங்குக்குப் போய்விட்டது. பாடினால் கல்யாண மண்டபத்தில் மைக் டெஸ்ட் பண்ணுவதுபோல் இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணன் சாவியை எடுத்துக்கொண்டே சொன்னார்: "அடுத்த ஆர்டர் துணி வர்ற வரைக்கும் தொண்டையப் பத்திரமா வெச்சுக்க கண்ணு."

ஒப்புதல் வியாதி

சாம்பிள் அனுப்பி, ஆர்டர் கொடுத்த பையர் சரி என்று சொன்ன பிறகுதான் எதையும் தைப்போம். அந்தப் பழக்கத்தில், அடுத்த ஆர்டர் துணி வந்ததும் பாடி முடித்த பாட்டுகளையும் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பி, 'திருத்தம் சொல்லுங்கள்' என்று கேட்டுத் தொலைத்தேன். கேட்டால் சும்மா விடுவார்களா? ஒருவர் வேகம் கூட்டச் சொன்னார், இன்னொருவர் சோகத்தைக் குறைக்கச் சொன்னார். நானும் மாற்றி மாற்றிப் பாடினேன். வெளியீடு தள்ளிக்கொண்டே போனது.

பக்கத்து சீட் ஸ்டெல்லா தூத்துக்குடிக்காரி. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் வெடித்தாள்: "எல்லாரும் சொன்னத செஞ்சா அது ஒங்க பாட்டு இல்லக்கா, பையர் கேட்ட சட்டை."

முதலில் பாடியதையே எடுத்து வெளியிட்டேன்.

வெளியான வாரம்

இணையத்தில் ஏற்றிய அன்றே சொந்தபந்தம் மொத்தமும் 'சூப்பர்' அனுப்பிவிட்டது. உங்களுக்கும் வந்திருக்கும் அந்த சூப்பர். எந்தப் பாட்டு பிடித்தது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நான் அவிநாசி மாமாவிடம் கேட்டேன். மாமா பொய் சொல்லத் தெரியாதவர்: "மியூசிக் வந்துச்சு கண்ணு, நீ பாட வர்றதுக்குள்ள எனக்கு போன் வந்துருச்சு."

லைன் ஸ்பீக்கர்

மெஷின்கள் வரிசையாக ஓடும் தையல் லைனில் நாள் முழுக்கப் பாட்டு ஓடும். ஸ்டெல்லா என் ஆல்பத்தைப் போட்டாள். மூன்றாவது பாட்டு முடிவதற்குள் சூப்பர்வைசர் என்னிடமே வந்துவிட்டார்: "பாட்டு நல்லாத்தானுங்க இருக்குது, ஆனா மெஷினும் அதோட சேந்து மெதுவா ஓடுதுங்க."

அயர்ன் டேபிள்

மனம் விட்டுப்போயிற்று. ஸ்டெல்லா விடவில்லை. மெதுவான பாட்டுக்கு மெதுவான வேலை என்று ஸ்பீக்கரை அயர்னிங் பகுதியில் வைத்துவிட்டாள். சில நாள் கழித்து ஷிப்மெண்ட் விஷயமாக அங்கே போனேன். மங்கலத்திலிருந்து புதிதாகச் சேர்ந்தவர் ஒருவர், என் பாட்டை முணுமுணுத்தபடி சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். யார் பாட்டு என்று கேட்டேன். தலை நிமிராமலே சொன்னார்:

"யாருன்னு தெரியலீங்க மேடம். மூணாவது பாட்டுல அவங்க மூச்சு வாங்கற எடத்துல, நானும் அயர்னக் கொஞ்சம் நிறுத்திக்குவனுங்க."

அது நான்தான் என்று சொன்னால் அவரும் 'சூப்பருங்க' என்றுவிடுவாரே என்று பயந்து, கிடைத்த ஒரே ரசிகரிடம் பெயரைக்கூடச் சொல்லாமல் காலர் மடிப்பைச் சரிபார்த்துவிட்டு வந்தேன்.