எழுநூறு மீட்டர் சுந்தரபாண்டியன்

தூரத்தைக் குறைத்துச் சொல்வதில் மேலகரம் சுந்தரபாண்டியனை மிஞ்ச ஆள் கிடையாது. மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் இப்போது அவரே இதைச் சொல்லிவிடுகிறார். பெண் பார்க்கப் போனபோது, வீட்டிலிருந்து தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பொடிநடையாகப் பத்து நிமிடம்தான் என்று சொல்லித்தான் ஆனந்தவள்ளியைக் கட்டினார். அந்தப் பத்து நிமிடத்தை அவள் முப்பத்தோரு வருடமாக நாற்பது நிமிடத்தில் நடந்துகொண்டிருக்கிறாள். பட்டாளத்தில் பதினேழு வருடமும் ஜபல்பூரில் உட்கார்ந்து கம்பளி எண்ணிய மனிதர், பிச்சையா டீக்கடையில் மட்டும் பாகிஸ்தான் எல்லைக்கு இரண்டு கிலோமீட்டரில் இருந்தார்.

ஓய்வு பெற்று வந்ததும் வயலில் இரண்டு அறை கட்டி, சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டார். வாசலில் பெரிய போர்டு: ‘காட்டோரக் குடில். வனம் 700 மீட்டர் மட்டுமே.’ எழுநூறு என்று யார் அளந்தது எனப் பெயின்டர் கேட்டதற்கு, ஆயிரம் என்று போட்டால் எவனும் வரமாட்டான் என்று பதில் சொன்னார்.

அறைகளுக்குப் பின்னால் ஒரு ஏக்கர் மரவள்ளி. குச்சி ஊன்றியதிலிருந்து களை எடுத்தது வரை எல்லாம் ஆனந்தவள்ளியின் கை. கிழங்கு பிடுங்க ஒரு மாதம் இருக்கும்போது காட்டுப்பன்றி இறங்கியது. முதல் நாளே மூன்று வரிசை போய்விட்டது.

அதற்கு அரசாங்கம் ஆணை போட்டிருந்தது. காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று வரை என்றால் பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றைத் தாண்டினால் வனத்துறை ஆட்களே வந்து சுடுவார்கள். தன் வயல் எப்படியும் மூன்றைத் தாண்டியிருக்கும் என்று சுந்தரபாண்டியனுக்கு ஏக சந்தோஷம். அன்றைக்கே மனு எழுதினார். சேதத்துக்குப் புகைப்படம் வேண்டுமென்றார்கள். இஸ்திரி போட்ட சட்டையும் பட்டாளத்துத் தொப்பியுமாக, பன்றி கடித்த கிழங்கைக் கையில் பிடித்துக்கொண்டு, நல்ல வெளிச்சம் இருக்கிறதே என்று அந்தப் போர்டுக்கு முன்னாலேயே போய் நின்றார்.

பத்தாம் நாள் பதில் வந்தது. நிலம் காட்டிலிருந்து எழுநூறு மீட்டரில் இருப்பதால் சுட வழியில்லை. ஆதாரம், மனுதாரரே இணைத்த புகைப்படம்.

ஆனந்தவள்ளி அதை வாங்கிப் படித்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. உள்ளே போய்த் தன் பழைய சேலைகளை அள்ளிக்கொண்டு வந்து பன்றி மிரளட்டும் என்று வரப்பைச் சுற்றிக் கட்ட ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. விடிந்து பார்த்தபோது சேலைகள் சேற்றில் கிடந்தன, இன்னும் இரண்டு வரிசை காலி. இந்த வாயை வைத்துக்கொண்டு தன்னை எந்தப் புத்திசாலி பட்டாளத்தில் சேர்த்தான் என்று நொந்துகொண்டே வனத்துறை ஆபீசுக்கு வண்டியை விட்டார்.

வனவர் காளீஸ்வரி அவர் மகள் வயதுக்காரி. மனுவையும் படத்தையும் எடுத்து மேஜையில் வைத்தாள்.

“போர்டுல எழுநூறுன்னு போட்டிருக்கிய. போட்டோவும் நீங்களே குடுத்திருக்கிய. இப்பம் மூணு கிலோமீட்டருக்கு மேலங்கிய. நான் எத எழுத அண்ணாச்சி?”

“போர்டு பொய் மேடம்.”

“அத எழுதித் தாங்க. அளந்திருவோம்.”

எழுதிக் கொடுத்தார். மறுநாள் தூரத்தை அளக்கக் கிராமக் குழு வயலில் கூடியபோது, காளீஸ்வரி அதை அவரையே வாசிக்கச் சொன்னாள். ‘வாடகைக்கு ஆள் வரவேண்டும் என்பதற்காக நான் தூரத்தைக் குறைத்து எழுதினேன்’ என்று அவர் வாசித்தபோது, டீக்கடையை அடைத்துவிட்டு வந்திருந்த பிச்சையா மீசைக்குள் சிரித்தார். அறையில் தங்கியிருந்த மதுரைக்காரக் குடும்பம் வாசலில் நின்று முழுவதையும் கேட்டது.

உண்மையான தூரம் என்னவென்று சுந்தரபாண்டியனுக்கும் தெரியாது. அளந்தால்தானே தெரியும். ஜி.பி.எஸ். கருவியோடு போனவர்கள் பின்னால் காட்டின் எல்லைக்கல் வரை அவரும் போனார். இத்தனை காலம் காட்டை இழுத்து இழுத்துப் பக்கத்தில் வைத்தவர், அன்று அது கொஞ்சம் தள்ளிப் போகட்டும் என்று காசி விஸ்வநாதரை வேண்டிக்கொண்டே நடந்தார். மூன்று கிலோமீட்டர் நூற்று நாற்பது மீட்டர். கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த வாரமே ஆட்கள் வந்தார்கள். ஒரு பன்றி விழுந்தது, மற்றவை அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. பாதிக்கு மேல் கிழங்கு தப்பியது. போர்டில் எழுநூறை அழித்துச் சரியான தூரத்தை அவரே பெயின்ட் அடித்தார். டீக்கடையில் பிச்சையா, “அப்பம் பாகிஸ்தான் எல்ல எவ்வளவு அண்ணாச்சி?” என்று மெதுவாகக் கேட்டார். ஆயிரம் கிலோமீட்டர் இருக்கும் என்று சொல்லிவிட்டு, டீயை முழுசாகக் குடித்துத்தான் எழுந்தார்.

கிழங்கு பிடுங்கிய மறுநாள், விலை விசாரிக்கத் தென்காசிக்குப் புறப்பட்ட ஆனந்தவள்ளி வழக்கம்போலச் செருப்பை மாட்டினாள். சுந்தரபாண்டியன் வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

“நடந்தா நாப்பது நிமிசம் ஆவும் வள்ளி. ஏறிக்கோ.”

அவள் சேலையை ஒதுக்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள்.

“இத அளக்கதுக்கு ஒரு பன்னி வரணும்னு இருந்திருக்கு,” என்றாள்.