தையல்கார அம்மாவுக்கு என் மகள் எழுதிய கடிதம்

என் மகள் ஏழாம் வகுப்பு படித்தபோது அவளுடைய பள்ளிக்கூடத்துக்கு ஒரு புதுப் பைத்தியம் பிடித்தது. பிள்ளைகள் புத்தகம் படித்தால் மட்டும் போதாதாம். படித்த புத்தகத்துக்குப் ‘படைப்பூக்கத்துடன் எதிர்வினை’ ஆற்ற வேண்டுமாம். இதை ஒரு தாளில் அச்சடித்துக் கையில் கொடுத்தார்கள். நானும் எம்.ஏ. தமிழ் படித்தவள்தான், எனக்கே அந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. கீழே நீளமாக ஒரு பட்டியல். செருப்புப் பெட்டிக்குள் ஒரு காட்சியை அமைக்கலாம். வேஷம் கட்டலாம். புதிய அட்டை வரையலாம். களிமண்ணில் பொம்மை செய்யலாம். கதையில் வரும் ஒருவருக்குக் கடிதம் எழுதலாம். புத்தகத்தை முதலில் படிக்கலாம் என்று மட்டும் எங்கேயும் போடவில்லை. எங்கள் காலத்தில் நூலகப் புத்தகத்தைக் கிழிக்காமல் திருப்பிக் கொடுத்தாலே பெரிய எதிர்வினை.

அன்று மாலையே அம்மாக்களின் வாட்ஸ்அப் குழு அல்லோலகல்லோலப்பட்டது. ஒருத்தி, எந்தப் புத்தகம் எடுத்தால் தெர்மாகோல் வேலை கம்மி என்று கேட்டாள். இன்னொருத்தியின் கணவர் இதற்காக அலுவலகத்துக்கு லீவே போட்டுவிட்டார். எங்கள் எதிர்வீட்டுக்காரி தன் பையனுக்கு மர வேஷம் போடப் போவதாகச் சொன்னாள். கதையில் மரம் வருகிறதா என்று கேட்டேன்.

“எல்லாக் கதையிலயும் ஒரு மரம் வரும்ல” என்றாள்.

நான் கூடுவாஞ்சேரியிலிருந்து செங்கல்பட்டுக்குத் தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறவள். பெண்கள் பெட்டியில் எங்களுக்கென்று ஒரு கும்பல் உண்டு. இந்த மாதிரி சங்கதி கிடைத்தால் விடுவேனா? எதிர்வீட்டுக்காரி குரலில் பேசி, அவள் கணவர் நிற்பது போல நின்று காட்டுவேன். மறைமலை நகர் தாண்டுவதற்குள் பாதிப் பெட்டி சிரிக்கும். என் வாய்க்கு அங்கே ரசிகைகள் இருந்தார்கள், எனக்கும் அதில் பெருமைதான்.

என் மகள் எடுத்தது ஒரு மெல்லிய புத்தகம். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தையல்காரம்மா. பள்ளிக்கூடம் போகும் அவள் பெண். பெண் தினமும் படித்த கதையை அம்மாவுக்குச் சொல்வாள். அவ்வளவுதான் விஷயம். நான் பத்து நிமிடத்தில் புரட்டிவிட்டு, “இதெல்லாம் ஒரு கதையா” என்று கட்டிலில் போட்டேன். அவள் அதை எடுத்துக்கொண்டு போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். மறுநாள் பள்ளியில் கொடுக்க வேண்டும், என்னதான் செய்து வைத்திருக்கிறாள் என்று அவளுடைய ஃபைலைத் திறந்தேன். உள்ளே ஒட்டாத ஒரு கவர். கடிதம். பட்டியலில் இருப்பதிலேயே செலவில்லாத வழியைப் பிடித்திருக்கிறாளே, கெட்டிக்காரி என்று நினைத்தேன். பிள்ளையின் கவரைப் பிரிக்கிறோமே என்று தோன்றவே இல்லை.

‘அன்புள்ள தையல்கார அம்மாவுக்கு, நான் நலம். நீங்களும் உங்கள் மிஷினும் நலமா?’ என்று ஆரம்பித்திருந்தாள்.

குபீரென்று சிரித்துவிட்டேன். திங்கட்கிழமை ரயிலுக்கு ஆச்சு என்றுகூட நினைத்தேன். அப்புறம் மேலே படித்தேன்.

‘உங்களுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் உங்கள் பெண் கதை சொன்னால் மிஷினை நிறுத்திவிட்டு, அப்புறம், அப்புறம் என்று கேட்கிறீர்கள். எங்கள் அம்மா நிறையப் படித்தவர். நான் கதை சொன்னால், இதெல்லாம் ஒரு கதையா என்பார். போன வருஷம் மழையைப் பற்றி நான் எழுதியதை ரயிலில் எல்லாருக்கும் படித்துக் காட்டினார். பிறகு அந்த ரயில் ஆன்ட்டிகளில் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது என்னைப் பார்த்து அதில் ஒரு வரியைச் சொல்லிச் சிரித்தார். எங்கள் அம்மா கெட்டவர் இல்லை. அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். அதனால் இப்போது நான் படிப்பது எதையும் அவரிடம் சொல்வதில்லை. லீவில் உங்கள் வீட்டில் வந்து இரண்டு நாள் தங்கலாமா? பட்டன் தைத்துத் தருவேன். துணி மடிப்பேன்.’

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, நான் நகரவில்லை. பிள்ளைக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று முதலில் நினைத்தேன் என்று எழுத ஆசைதான். பொய் எதற்கு? கடிதங்களைப் பள்ளி வராந்தாவில் வரிசையாக ஒட்டப் போகிறார்கள், எதிர்வீட்டுக்காரி படிப்பாள், என் ரயில் கும்பலில் ஒருத்தியின் பிள்ளையும் அங்கேதான் படிக்கிறது, அவளும் படிப்பாள். என் மனதில் முதலில் வந்தது இதுதான். எத்தனை பேரை நான் நடித்துக் காட்டியிருப்பேன், இனி என்னை யாராவது நடித்துக் காட்டுவார்கள். கவரை என் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூட புராஜெக்ட்டுகளைச் செய்தே விற்கும் ஒரு ஃபேன்சி ஸ்டோர் உண்டு. எரிமலை, சூரிய மண்டலம், மழைநீர்த் தொட்டி எல்லாம் தயாராகத் தொங்கும். ஊரில் உள்ள பாதிப் பிள்ளைகளின் படைப்பூக்கம் அந்த ஒரே ஆளின் கையில்தான் இருந்தது.

“இன்னா புக்கு மேடம்?” என்றார் கடைக்காரர்.

ஒரு தையல்காரம்மாவின் கதை என்றேன்.

“டெய்லரு நம்மகிட்ட இல்லியே. கதையில கடல் வருதா?”

“வரலை.”

“மல?”

“அதுவும் இல்ல.”

“அப்ப லைட்ஹவுஸ் எட்த்துக்கோ. எந்தக் கதைக்கும் ஒத்துவரும். மகாபலிபுரத்துல கீதே, அத்த அப்படியே செஞ்சிகீறேன். உள்ள பல்பு எரியும் பாரு. நமக்குச் சொந்த ஊரு புதுப்பட்டினம். கடல் சமாச்சாரம்னா தப்பா செய்ய மாட்டேன்.”

வேறொரு நாளாக இருந்தால் இந்த ஆளை வைத்து ஒரு வாரம் ரயிலை ஓட்டியிருப்பேன். அன்று வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மகள் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். “கதையில லைட்ஹவுஸ் எங்கம்மா வருது?”

“உங்க மிஸ் மட்டும் என்ன, கதையைப் படிச்சுட்டா மார்க் போடப் போறாங்க? லெட்டருக்கெல்லாம் யாரும் மதிப்பு தர மாட்டாங்க.”

“லிஸ்ட்லயே போட்டிருந்துச்சே. ஃபைல்ல வெச்ச என் கவர் இன்னா ஆச்சு?”

“எந்தக் கவரு?” என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். மறுநாள் கலங்கரை விளக்கத்தைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனாள்.

அந்த வாரச் சனிக்கிழமை பிள்ளைகள் செய்ததையெல்லாம் வைத்துப் பள்ளியில் கண்காட்சி. பெற்றோர் எல்லாரும் வர வேண்டும் என்று உத்தரவு. நானும் மகளும் சேர்ந்தே போனோம். கூடத்தில் மொத்தம் ஐந்து கலங்கரை விளக்கங்கள் நின்றன, ஐந்தும் ஐந்து வெவ்வேறு கதைகளுக்கு. அதில் ஒன்று யானைக்குட்டியின் கதையாம். எதிர்வீட்டுப் பையன் பச்சைக் காகிதத்துக்குள் வியர்த்துக்கொண்டு நின்றான், பாவம், குழந்தைக்கு மூக்கைச் சொறியக்கூடக் கை வெளியே இல்லை. சிறப்பு விருந்தினர் ஓர் இரும்புக்கடை முதலாளி. பொன்னாடையோடு வந்து எங்கள் விளக்கின் சுவிட்சை இரண்டு முறை போட்டு அணைத்தார். அவருடைய வாசிப்பு அத்தோடு முடிந்தது.

வகுப்பு ஆசிரியை மகளிடம் மைக்கைக் கொடுத்து விளக்கச் சொன்னார். எங்கம்மா கடையில் வாங்கினாங்க என்று சொல்லிவிடுவாளோ, கவரைப் பற்றிச் சொல்லிவிடுவாளோ. அவள் மைக்கை நேராகப் பிடித்துக்கொண்டாள்.

“இந்தக் கதையில் வரும் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தன் பெண்ணுக்கு அவர்தான் வழிகாட்டும் வெளிச்சம். தாய்தான் பிள்ளைகளின் கலங்கரை விளக்கம்.”

கூடமே கை தட்டியது. முதல் பரிசு அவளுக்குத்தான். புத்தகம் படித்ததற்குப் பரிசு ஒரு டிபன் பாக்ஸ்.

இதைவிடக் கேவலமான ஒரு வாக்கியத்தை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. தையல் மிஷின் நலமா என்று விசாரித்த பிள்ளை அவள். என்ன சொன்னால் கை தட்டுவார்கள் என்று கணக்காகத் தெரிந்துகொண்டு அதைச் சொன்னாள். அதுவும் எதற்கு? என் மானத்தைக் காப்பாற்ற. எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டியது நான்தான்.

ஆசிரியை என்னிடம் வந்தார். “செம க்ரியேட்டிவ் மேடம் உங்க பொண்ணு. வீட்டுல புக்ஸ் பத்தி நிறையப் பேசுவீங்களோ?”

ஆமாம் என்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கலங்கரை விளக்கம் அவள் மடியில், டிபன் பாக்ஸ் என் மடியில். ஜி.எஸ்.டி. ரோடு நெரிசலில் வண்டி நின்று நின்று போனது. அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

“நீதானம்மா அந்த லெட்டரை எடுத்தே?”

“ம்.”

“படிச்சியா?”

“படிச்சேன்.”

திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்பதற்கு நாலு வார்த்தை தயார் செய்தும் வைத்திருந்தேன். அவள் அதற்கெல்லாம் வரவில்லை.

“யார் யாருக்குப் படிச்சுக் காட்டினே?”

“யாருக்கும் இல்லடி.”

“ட்ரெயின்ல?”

“சத்தியமா இல்ல. பையிலதான் இருக்கு, பாரு.” ஜிப்பைத் திறந்து கவரை எடுத்து நீட்டினேன்.

அவள் அதை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். “சரிம்மா” என்றாள்.

பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் சொல்வது போன்ற மரியாதையான சரி. நான் சொன்னது அத்தனையும் உண்மை. அவள் அதில் ஒரு வார்த்தையைக்கூட நம்பவில்லை.