கீபோர்டைத் தொடாத நயீம் சார்

மதிய வகுப்பு தொடங்கும் நேரத்தில் நயீம் சாரின் மனைவி ரெஹானாவின் தம்பியிடமிருந்து போன் வந்தது. "அக்கா, மச்சான் மவுத்தாயிட்டாரு. வேலூர்லேர்ந்து கொண்டு வர்றோம்" என்றார். நோய் முற்றிவிட்டது என்று எங்களுக்கு முன்பே தெரியும். தெரிந்திருந்ததால் எதுவும் எளிதாகிவிடவில்லை. மாணவர்களிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் முகத்தைப் பார்த்தே சிலர் எழுந்து நின்றுவிட்டார்கள்.

திருவண்ணாமலையில் புரோகிராமிங் படிக்க வந்த பலருக்கு முதல் பாடம் சொல்லித் தந்தவர் நயீம் சார். சென்னையில் பார்த்துவந்த மென்பொருள் வேலையை விட்டுவிட்டு, சொந்த ஊருக்கு வந்து, செங்கம் சாலையில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் சிறிய பயிற்சி மையம் நடத்தினார். என்னைவிட வயதில் இளையவர். கடைசிவரை என்னை "விஜயாக்கா" என்றே அழைத்தார். நான் அவரை "சார்" என்றே அழைத்தேன்.

அவரிடம் வருவதற்கு முன் நான் பத்திரம் எழுதுபவர் ஒருவரிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். அந்த வேலை குறைந்துகொண்டே வந்ததால் நயீம் சாரின் மையத்தில் சேர்ந்தேன். உடன் படித்தவர்கள் எல்லோரும் என் மகள் வயதுக்காரர்கள். எனக்கு வேகமாக டைப் அடிக்க வரும். ஆனால் பத்திரத்தில் ஓர் எழுத்து பிசகினாலும் திட்டு வாங்கிப் பழகியவள். திரையில் பிழை என்று ஒரு சிவப்பு வரி வந்தால் எனக்கு உடம்பே கூசும். யாரும் பார்ப்பதற்குள் எழுதிய அத்தனையையும் அழித்துவிடுவேன்.

ஒருநாள் அப்படி அழிக்கப் போனபோது நயீம் சார் பின்னால் நின்றிருந்தார்.

"அழிக்காதீங்கக்கா. அது உங்களத் திட்டல. எந்த வரியில நின்னுபோச்சுன்னு சொல்லுது. படிங்க."

"நீங்களே சரி பண்ணிக் குடுத்துடுங்க சார்."

"நான் பண்ணா எனக்குத்தான் வரும். அரை மணி நேரம் மல்லுக்கட்டுங்க, அது ஒண்ணும் ஜாஸ்தி இல்ல. அப்பவும் வரலன்னா கேளுங்க. கேக்கறது தப்பே இல்லக்கா."

சொல்லிவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். மாணவர்களின் கீபோர்டை அவர் தொட்டு நான் பார்த்ததே இல்லை. "சொல்லித் தராம சும்மா நிக்கிறாரு" என்று குறைபட்டுப் பிள்ளைகளை வேறு இடத்தில் சேர்த்த பெற்றோரும் உண்டு. அதற்காக அவர் வருந்தினார். ஆனால் மாறவில்லை.

நானும் படிப்பை விட்டுவிடுவதாகத்தான் இருந்தேன். அந்தச் சமயத்தில் ஒரு மாணவி கேட்டாள்: "சார், பௌர்ணமி என்னைக்குன்னு நாமளே புரோகிராம் எழுதிக் கண்டுபுடிக்க முடியுமா?"

"எனக்குத் தெரியாதும்மா. எழுதிப் பாப்போம்" என்று எல்லோருக்கும் தெரியும்படி பெரிய திரையில் எழுதத் தொடங்கினார். அவருக்கும் சிவப்பு வரிகள் வந்தன. ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்தார். வகுப்பு முடியும் நேரத்தில் ஒரு விடை கிடைத்தது. சுவரில் தொங்கிய காலண்டரோடு ஒப்பிட்டால் ஒரு நாள் தள்ளியிருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். "இன்னைக்கு எனக்கு வரல. நீங்க யாராவது பாருங்க" என்று அப்படியே விட்டுப் போனார். ஓர் ஆசிரியர் எல்லோர் முன்பும் தோற்றுவிட்டு, கூச்சமின்றி நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில். கிரிவலப் பாதையில் என் கணவருக்கு டீக்கடை. பௌர்ணமி எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்று பார்த்துத்தான் பாலுக்குச் சொல்வோம். அப்படிச் சொல்லும்போது எனக்கு உறைத்தது. சார் எழுதியதில் நாள் மட்டுமே இருந்தது, மணி இல்லை. மறுநாள் அதைச் சொன்னேன். "எழுதுங்கக்கா" என்று நகர்ந்துவிட்டார். அந்த வாரம் முழுக்கப் போராடினேன். ஒருமுறை அழுதும்விட்டேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை, எழுந்தும் போகவில்லை. முடிவில் காலண்டரில் இருந்த தேதியே திரையிலும் வந்தது. "இத நான் பண்ணல. ஞாபகம் வெச்சுக்குங்க" என்றார்.

பிறகு புதிதாக வருபவர்களுக்கான வகுப்பையே என்னிடம் ஒப்படைத்தார். எனக்குப் பயமாக இருந்தது. "தெரியாதத தெரியாதுன்னு சொல்லுங்க, போதும்" என்றார்.

இந்த ஆண்டுத் தொடக்கத்தில் அவருக்கு மூளையில் கட்டி என்றார்கள். அறுவை சிகிச்சையில் உயிர் தங்கியது, வார்த்தைகள் தங்கவில்லை. சாதாரணப் பொருட்களின் பெயர்கூட நாக்குக்கு வராது. பார்க்க வந்தவர்கள் அவர் வாய் திறப்பதற்குள் "தண்ணியா? தலகாணியா?" என்று எடுத்துக் கொடுப்பார்கள். அன்பினால்தான். ஆனால் அவர் முகம் சுருங்கிப் போகும்.

ஒரு மாலை நானும் அவர் மனைவி ரெஹானாவும் அருகில் இருந்தோம். ஜன்னலைக் காட்டி ஏதோ சொல்ல முயன்றார். ரெஹானா வாயெடுத்தபோது கையசைத்துத் தடுத்தார். காத்திருந்தோம். "ஜ... ஜ..." என்றார். நெற்றி வியர்த்தது. ஒருவர் திணறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு வேதனை என்று அன்று அறிந்தேன். எங்கள் ஒவ்வொருவருக்காகவும் அவர் அப்படி உட்கார்ந்திருந்தாரே.

வார்த்தை வரவில்லை. அவர் மெல்ல என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். கேட்கிறார் என்று புரிந்தது.

"ஜன்னல், சார்."

"ஜன்னல்" என்றார் தெளிவாக. பிறகு ரெஹானாவைப் பார்த்து, "தொற" என்றார்.

ரெஹானா போய்த் திறந்தார். திரும்பி வராமல், வெளியே பார்ப்பதுபோல் அங்கேயே நின்று அழுதார். சாரின் குரலில் நான் கேட்ட கடைசிச் சொல் அந்தத் "தொற"தான்.

அடக்கத்தன்று தெரு நிறைய மாணவர்கள். அவர் உடலை வைத்த சந்தாக்கைத் தூக்கப் பையன்கள் ஒருவர் தோளுக்கு ஒருவர் மாறிக்கொண்டார்கள். அடக்கத்தலம் வரை பெண்கள் போகும் வழக்கமில்லை; எதுவரை வரலாம் என்று மாணவிகள் தயங்கிக் கேட்டபோது, "தெரு முனை வரைக்கும் வாங்கம்மா" என்றார் ரெஹானாவின் அம்மா. அங்கேயே நின்றோம். சாலையில் பஸ் ஒன்று ஹாரன் அடிக்காமல் ஒதுங்கி நின்றது. பச்சைத் துணி போர்த்திய சந்தாக்கு தலைகளுக்கு மேலே மெல்ல அசைந்து போய், பூக்கடைகளைத் தாண்டி, திருப்பத்தில் மறைந்தது.

இதற்கு மேல் எங்களால் வர முடியவில்லை, சார். நல்லபடியாகப் போய்ச் சேருங்கள்.