கனகம்மாக்காவைக் கூப்பிடுவதா, வேண்டாமா?

போன புதன்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டுக் குசினியில் ஒரு மகாநாடு நடந்தது. தலைவர் — என் கணவர். காரியதரிசி — நான். பேசுபொருள் — கனகம்மாக்காவைத் திரும்பவும் வேலைக்குக் கூப்பிடுவதா, வேண்டாமா?

தலைவரின் கதிரைக்குப் பக்கத்தில் முதல்நாள் கறிச்சட்டி கழுவப்படாமல் கிடந்தது. சபையில் ஈக்கள்தான் அதிகம்.

கனகம்மாக்காவை உங்களுக்குத் தெரியாது. நாலு வருஷமாக விடிய ஆறு மணிக்கு வருகிறவர். வளவு கூட்டி, வீடு கூட்டித் துடைத்து, சட்டிபானை கழுவி, நான் வெளிக்கிட முதல் எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் போய்விடுவார். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பதும், கணவர் சலவை மடிப்புக் கலையாமல் கந்தோருக்குப் போவதும், ஏன், இந்தப் பத்தி வாராவாரம் உங்கள் கைக்கு வருவதும் அவருடைய விளக்குமாற்றின் தயவில்தான்.

அப்படி இருக்கும்போதுதான் இந்தப் புதுக் காய்ச்சல் கப்பலேறி இலங்கைக்கு வந்தது. பிறகு ரயிலேறிக் கிளிநொச்சிக்கும் வந்தது. பள்ளிக்கூடத்தை மூடினார்கள். நாங்கள் படலையை மூடினோம்.

“கொஞ்ச நாளைக்கு நில்லுங்கோ கனகம்மாக்கா. பிறகு சொல்லி அனுப்புறம்” என்றேன்.

“ஓம் ரீச்சர்” என்றார்.

வளவு கூட்டும் பொறுப்பைக் கணவர் ஏற்றார். “கூட்டுறதில என்ன கிடக்கு?” என்று சாரத்தை மடித்துக் கட்டினார். முதல்நாள் காற்றுக்கு எதிரே கூட்டினார். குப்பை முழுவதும் விறாந்தைக்கு வந்தது. மூன்றாம் நாள், சருகு மண்ணுக்கு நல்ல பசளை என்று ஒரு உண்மையைக் கண்டுபிடித்து விளக்குமாற்றைச் சாத்திவிட்டார். நான் மட்டும் என்ன திறம்? அலுமாரிக்குக் கீழே என் கை போகவேயில்லை. கனகம்மாக்காவுக்கு மட்டும் எப்படிப் போனதோ...

நோய்த்தடுப்பும் கணவரின் இலாகாதான். கந்தோரில் ஆரோ சொன்னதைக் கேட்டு, படலையில் இரண்டு பெரிய வேப்பங்கொத்துக் கட்டினார். எனக்கும் அது நல்லதென்றே பட்டது. காற்று சுத்தமாகும் அல்லவா?

அதன் பிறகு ஊர் எவ்வளவு கவனமாகிவிட்டது என்று நினைக்கிறீர்கள்? பாண்காரர் எங்கள் வீடு வந்ததும் சைக்கிளை இறுக்கி மிதித்தார். பால் கொண்டுவருகிறவர் போத்தலை மதகில் வைத்து, அங்கேயே நின்று ஒரு குரல் கொடுத்துவிட்டு ஓடினார். சனம் சுகாதாரம் படித்துவிட்டது என்று நாங்கள் இரண்டு பேரும் மெச்சிக்கொண்டோம்.

இந்த நேரத்தில்தான் கடிதம் வந்தது: திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. மூன்று பிள்ளைகளை எழுப்பிக் குளிப்பாட்டி, சமைத்து, கூட்டி, கழுவி, ஏழரைக்கு நான் வெளிக்கிட வேண்டும். நடக்கிற காரியமா? ஒன்றில் கனகம்மாக்கா வரவேண்டும். அல்லது நான் உத்தியோகத்தை விடவேண்டும்.

ஆகவே மகாநாடு.

“அவ மருந்து குடுக்கிற அப்போதிக்கரி ஐயா வீட்டையும் வேலைக்குப் போறவ” என்று தலைவர் தொடங்கினார். “ஊரில உள்ள காய்ச்சல் முழுக்க அங்கதானே வருது.”

“நீங்கள் கந்தோருக்குப் போறியள்தானே. அங்க முப்பது பேர் இருமுகினம்.”

“கந்தோர் வேற.”

“எப்பிடி வேற?”

“அங்க கதிரையள் தள்ளித் தள்ளித்தான் போட்டிருக்கு. நீர் வந்து பாத்தனீரே?”

பின்னேரங்களில் அவர் சீட்டுக்கட்டோடு முன்னூற்றிநாலு விளையாடப் போவதை நான் ஞாபகப்படுத்தினேன். நாலுபேர் மாறி மாறி விரலில் எச்சில் தொட்டுப் பிரிக்கும் அதே கடதாசிக் கட்டு. அது பொழுதுபோக்கு, அதில் காய்ச்சல் வராது என்றார். காய்ச்சல் எப்போதும் விளக்குமாறு பிடிக்கிறவர்களிடம் இருந்துதான் வரும்போல.

கடைசியில், பெருமனது வைத்து, கூப்பிடலாம் என்று முடிவெடுத்தோம். சும்மா இல்லை, நிபந்தனைகளோடு. சிவப்புச் சவர்க்காரத்தால் கைகால் கழுவிய பிறகே படியேற வேண்டும். அப்போதிக்கரி வீட்டுக்குப் போகக்கூடாது. அவர் வீட்டில் ஒருவர் தும்மினாலும் உடனே அறிவிக்க வேண்டும். கணவர் இதையெல்லாம் கந்தோர்ப் பாணியில் ஒரு தாளில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார். கனகம்மாக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டுவது காரியதரிசியின் வேலை.

மறுநாள் கணவர் என்னைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். ரயில் பாதை தாண்டி, வாய்க்கால் கரையோடு ஒரு மைல். கனகம்மாக்கா முற்றத்தில் நெல் காயவிட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் நிமிர்ந்தார்.

“ரீச்சர், வேலிக்கு அங்கால நில்லுங்கோ. கிட்ட வராதேங்கோ.”

நின்றோம்.

“ஆருக்கு ரீச்சர் அம்மாள்? கடைக்குட்டிக்கோ?”

“அம்மாளோ? எங்கட வீட்டில ஒருத்தருக்கும் இல்லையே.”

“படலையில வேப்பிலை கட்டிக் கிடக்கு. போன திங்கக்கிழமை, எப்பிடி இருக்கிறியள் எண்டு கேட்டுப் போவம் எண்டு வந்தனான். கண்டிட்டு அப்பிடியே திரும்பிட்டன். ஊர் முழுக்க இதுதான் கதை.”

பாண்காரரும் பால்காரரும் வரிசையாக என் கண்ணுக்கு முன்னால் வந்து போனார்கள். அம்மாள், அதாவது அம்மை நோய், வந்த வீட்டுப் படலையில் வேப்பிலை கட்டுவது, உள்ளே வராதேங்கோ என்று சொல்வதற்குத்தான். எங்கள் பக்கத்துக் குழந்தைக்கும் இது தெரியும். நான் ரீச்சர். எனக்குத் தெரியவில்லை.

“அது... வரமுதல் கட்டினால் வராது எண்டு...” கணவர் இழுத்தார்.

“ஒண்டும் இல்லாத வீட்டில ஆரும் வேப்பிலை கட்டுவினமோ ஐயா?” கனகம்மாக்கா சிரிக்கவில்லை. “ஐயா இப்பவும் கந்தோருக்குப் போறனீங்களோ?”

“ஓம்.”

“கடதாசி விளையாடவும்?”

“கொஞ்ச நேரந்தான்.”

“உங்களோட விளையாடுற ரெண்டு பேர் படுக்கையில எண்டு கேள்வி. உண்மையோ?”

கணவர் சைக்கிள் மணியைத் துடைக்கத் தொடங்கினார். நான் அவரைப் பார்த்தேன். எனக்கு இது புதுச் செய்தி. வீட்டுக்குப் போனபின் இதற்குத் தனியாக ஒரு மகாநாடு நடந்தது. அதன் அறிக்கையை நான் வெளியிடமாட்டேன்.

அப்போதுதான் குடிசை வாசலில் அவருடைய மகள் வந்து நின்றாள். நிலையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு.

“அக்கராயனில இருந்து கூட்டி வந்திருக்கிறன். தலைப்பிள்ளை. ஒன்பதாம் மாசம்” என்றார் கனகம்மாக்கா. “இவள் இருக்கிற வீட்டுக்கு நான் காய்ச்சலைக் கொண்டுவரேலாது ரீச்சர். அப்போதிக்கரி ஐயா வீட்டையும் போறதை விட்டிட்டன். சோத்துக்கு இந்த முறை குறையில்லை, நெல்லுக் கிடக்கு. எனக்கு அவசரமில்லை.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தப் பிள்ளையின் கலியாணத்துக்கு நான்தான் சேலை எடுத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. எங்கள் மகாநாட்டில் எங்கள் மூன்று பிள்ளைகளைப் பற்றியும் பேசினோம், கணவரின் நெஞ்சுச்சளி பற்றிக்கூடப் பேசினோம். கனகம்மாக்கா வீட்டில் ஆர் ஆர் இருக்கினம் என்று இரண்டு பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. காய்ச்சல் அவரிடமிருந்து எங்களுக்கு வரும், எங்களிடமிருந்து அவருக்குப் போகாது. இதை எங்களுக்கு ஆர் சொன்னது?

கணவர் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையின் அடியில் தள்ளினார். இந்த மகாநாட்டில் அவர் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

“கனகம்மாக்கா, திங்கக்கிழமை பள்ளிக்கூடம் திறக்குது” என்றேன். “நீங்கள் வராட்டில் என்னால போகேலாது. ஆனா இப்ப உங்களை வாங்கோ எண்டு கேக்கவும் வாய் வரேல்ல.”

அவர் நெல்லைக் காலால் கிளறினார். வேலை போனால் போகட்டும் என்று மனதுக்குள் கடிதம்கூட எழுதத் தொடங்கிவிட்டேன்.

“போயிட்டு வாணை அம்மா” என்றாள் மகள். “கவனமா நிண்டால் சரிதானே.”

கனகம்மாக்கா மகளைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். நாங்கள் அவரை அப்படி ஒருநாளும் பார்த்திருப்போமோ தெரியாது. அடியிலிருந்து முடிவரை நிறுத்துப் பார்க்கும் பார்வை.

“வாறன். ஆனா நான் கூட்டித் துடைக்கேக்க வீட்டுக்குள்ள ஒருத்தரும் நிக்கக்கூடாது. கதவு யன்னல் எல்லாம் திறந்து போட்டிட்டு முத்தத்துக்குப் போயிட வேணும். ஆருக்கும் மேல் சுட்டால் அண்டைக்கு நான் படலை திறக்கமாட்டன். ஐயா கடதாசிக்குப் போகக்கூடாது.”

“ஒரு மாசத்துக்கோ?” என்றார் கணவர்.

“இவள் பெத்து எழும்பும் மட்டும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “தேத்தண்ணியும் வேண்டாம் ரீச்சர். உங்கட வீட்டுப் பேணி எனக்கு வேண்டாம்.”

எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிக்க அவருக்கென்று ஒரு தனிப் பேணி உண்டு. குசினிப் பின்கதவுக்கு வெளியே ஆணியில் தொங்கும். ஏன் தனியாகத் தொங்குகிறது என்று எங்கள் வீட்டில் ஆரும் வாய் திறந்து சொல்வதில்லை. அவரும் கேட்டதில்லை. இப்போது அது வேண்டாம் என்று அவரே சொன்னபோது, “சரி” என்று மட்டும் சொன்னேன். அந்தப் பேணியை அன்றைக்கே கழற்றிவிட்டேன். கழற்றுவதற்கு ஒரு காய்ச்சல் வரவேண்டியிருந்ததை நினைக்க, இன்னும் கூச்சமாக இருக்கிறது.

திங்கட்கிழமை சரியாக ஆறு மணிக்கு வந்தார். படலையில் வேப்பிலை இல்லை என்பதை உறுதிப்படுத்திக்கொண்டு உள்ளே வந்தார். ஐந்து பேரும் முற்றத்துக்கு இறங்கினோம். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். கணவர் சாரத்தோடு, பற்பொடி பூசிய விரலோடு, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு நின்றார். பாண்காரர் இறங்கி வந்து, என்ன, வீடு வித்தாச்சோ என்று கேட்டுவிட்டு இரண்டு றாத்தல் தந்து போனார்.

ஏழு மணியாகிவிட்டது. கணவரின் காற்சட்டை உள்ளே. என் புத்தகங்கள் உள்ளே. அவர் மெல்லப் படியருகே போய்க் குரலைத் தாழ்த்தினார்.

“கனகம்மா, உள்ள வரலாமோ?”

“நிலம் காயேல்ல ஐயா. நில்லுங்கோ.”

அதே படியில் நின்று நாலு வருஷமாக அவர் எங்களைக் கேட்ட கேள்வி அது. உள்ளதைச் சொன்னால், நாங்கள் அவரைக் காக்கவைத்த அளவுக்கு அவர் எங்களைக் காக்கவைப்பதில்லை.